பத்தில் ஒரு மைல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்.
ராலின்ஸில் வருஷம் முழுக்க ஆடி.
எல்க் மவுன்டன் வளைவில் காலி டிரெய்லர்கள்
ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கும்,
வெயில் காயும் எருமைகள் போல.

அந்தக் காற்றோடுதான்
மார்லிஸ் ஹ்ரூஸ்காவுக்கு வழக்கு.
சொந்த லாரி. இன்னும் முப்பத்தொரு தவணை.
என் வெல்டிங் பட்டறைக்குள் வந்தவள்
முகமன் ஏதும் சொல்லாமல்
டிரெய்லருக்குப் பின்னால் போய்க் குந்தினாள்.
"மூக்கை வளைத்தாயிற்று,
வயிற்றுக்குத் திரை கட்டியாயிற்று.
இதைப் பார் தியோ,
வாலில் இரண்டு முறத்தைக் கட்டி
இழுத்துக்கொண்டு திரிகிறேன்."

கறுப்பு ரப்பர்.
டயரைத் தாண்டி வெளியே
நான்கு விரல் துருத்திய சேற்றுத் தட்டிகள்.

நான் நம்பவில்லை.
ஐம்பத்து மூன்றடிப் பெட்டி காற்றைப் பிளக்கையில்
ரப்பர் துண்டா கணக்கு?

நம்பாதவனுக்காகச் சிவப்புக் கம்பளி நூல் வாங்கி வந்தாள்.
விரல் நீளத்துக்கு நறுக்கி
தட்டி முழுக்க ஒட்டினோம்.
விடிகாலை ஐந்து,
காற்று கண்ணயரும் ஒரே நேரம்.
அவள் அறுபத்தைந்து மைல் வேகத்தில்.
பக்கத்துப் பாதையில் என் பிக்கப்.
ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பும் கேமராவுமாக
மச்சான் எலீசியோ.

தட்டி தொங்கவில்லை.
பின்னால் சாய்ந்து,
நெஞ்சு நிமிர்த்திக் காற்றை
முழுசாக வாங்கிக்கொண்டிருந்தது.
அதன் முதுகில் நூல்களெல்லாம்
சந்தையில் கை நழுவிய பிள்ளைகளாய்
நாலா பக்கமும் அலைந்தன.
"சூறாவளிக்கு வீடு கட்டிக் கொடுத்து
வாடகையும் இவளே தருகிறாள்"
என்றான் எலீசியோ.

முறத்தைச் சல்லடை ஆக்கினால் போதுமென்று
நாற்பது துளை போட்டேன்.
லாராமி எடைச் சாவடியில்
துளைக்குத் துளை கிழிந்து
பாதித் தட்டிதான் போய் நின்றது.
அபராதச் சீட்டை என் மேஜையில் ஒட்டிவிட்டுப் போனாள்.
இன்னும் இருக்கிறது.

அடுத்தது பிளாஸ்டிக்.
நெட்டுக்குத்தாக வரி வரியாய் இடைவெளி,
கல்லை நிறுத்தும், காற்றை விடும்.
அகலம் டயரோடு சரி, ஒரு விரல்கூட மிச்சமில்லை.
தாங்கியை அறுத்து
உள்ளே தள்ளிப் பற்றவைத்தேன்.

ஓமஹாவிலிருந்து போனில் கத்தினாள்:
"காலனுக்கு அரை மைல் கூடுதல்!"
திரும்பி வருகையில் பேச்சில்லை.
போகும்போது முதுகைத் தள்ளிய கடனை
வரும்போது முகத்தில் அறைந்து
வட்டியோடு வாங்கியிருந்தது காற்று.

பிறகு மூன்று மாதம் நோட்டுப் புத்தகம்.
போனது, வந்தது, சுமை, குளிர்,
எந்தப் பங்கில் நிரப்பியது,
எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு.
ஆறு புள்ளி எட்டு,
ஆறு புள்ளி ஒன்பது ஆகியிருந்தது.
பத்தில் ஒரு மைல்.
வருஷத்துக்கு இருநூற்றுச் சொச்சம் காலன்.
"இரண்டு டயர்" என்றேன்.
"எட்டு வேண்டும்" என்றாள்.

அக்டோபரில் சின்க்ளேர் பக்கம் மழை.
முன்பெல்லாம் மழையென்றால்
பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும்.
சுவருக்குள் யாராவது இருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்.
பாதை மாறுவது
கண்ணை மூடிக் கிணற்றில் இறங்குவது.

அன்றைக்குச் சுவர் இடுப்பளவுதான்.
அதற்கு மேலே இரண்டு விளக்கு,
நிதானமாக ஆடும் வைப்பர்,
வைப்பருக்குப் பின்னால் ஒரு முகம்.

நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் சாய்வாக எழுதியிருக்கிறாள்:
மழை. பின்னால் நீலக் கார்.
ஓட்டுகிறவன் ஏதோ தின்றுகொண்டிருந்தான்,
பன் மாதிரி இருந்தது.

அடுத்த வரியில் டீசல் விலை.